நீலம் இல்லாத தட்டுகள்

விழட்டும். ஒன்றுவிடாமல் விழட்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், நாற்று அறையில் விளக்கடியில் நின்று அவள் இப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை முந்தைய இரவே சாப்பாட்டு மேசையில் சொல்லி, கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டாகிவிட்டது.

அந்த அறை அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. குடைமிளகாய் நாற்றுகள் விளக்கையே சூரியன் என்று நம்பி வளர்ந்தன. சிவப்பு வெளிச்சம் தண்டை இழுத்து நீட்டும். நீலம் அதை அடக்கி, இலையைத் தடிக்க வைக்கும். இரண்டும் அளவோடு கலந்தால்தான் நாற்று வெளியே போய் வெயிலையும் காற்றையும் தாங்கும். கணவன் வேறொருத்தியோடு போனபின் அக்கா வீட்டுக்கு வந்த ஐந்து வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது இது. படித்தது பாதி, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது மீதி. நாற்று வாங்க வருகிறவர்கள் அவளைக் கைராசிக்காரி என்றார்கள். இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

அத்தான்தான் நீல விளக்குகளைக் கழற்றினார். நாற்று கேட்டிருந்த பண்ணைக்காரருக்கு அது உயரமாக இருந்தால் பிடிக்கும், பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாம் என்றார்.

"நீலம் இல்லேன்னா வெறும் நெட்டையாத்தான் வரும் அத்தான். நிக்காது."

"எது நிக்கும், எது ஓடும்னு நீ சொல்றியா?" என்றார் அவர்.

அக்காவும் சிரித்தாள். சிரித்து முடித்து, தங்கையின் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு வேலையை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் ஓர் அட்டையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிக்கொடுப்பது அவள் வழக்கம். காற்றடிக்கிறது என்று ஏமாந்து தண்டு தடிக்கும். நீலம் இல்லாத அந்த நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் விட்டாள், உரம் வைத்தாள், தடவ மட்டும் செய்யவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தான் தெரியும். வாடியதும் செழித்ததும் ஒன்றுபோல இருக்கும். வெள்ளை விளக்குக்கு எடுத்துவந்தால்தான் உண்மை தெரியும். அத்தான் ஒருநாளும் எடுத்துவந்து பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். வெளிறிப்போய், நூல்நூலாக நின்றன. பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது. இப்படி ஒருத்தி தனக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று யோசித்தபடியே, அட்டையை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

மூடிய வண்டியில் தட்டுகளை ஏற்றியபோதும் அத்தான் உயரத்தைத்தான் பார்த்தார். நட்ட இரண்டாம் நாள் காற்றடித்தது. பண்ணை முழுக்க நாற்றுகள் தரையோடு படுத்துவிட்டன.

இன்று பண்ணைக்காரர் வந்து மேலே முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். அத்தான் படியிறங்கி வந்தார். பின்னால் அக்கா.

"அந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார்," என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "யார் செஞ்ச தப்புன்னு தெரியணுமாம். அந்தக் கை இனிமே அவரோட நாத்துமேல படக்கூடாதாம். நீ மேல வந்து, விளக்கை மாத்திப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொன்னா நான் இந்த ரூமுக்குள்ளயே வர முடியாதே."

"வராத. அக்காவுக்கு ஒத்தாசையா சமையக்கட்டுல இரு. அங்கயும் உன் கைராசியக் காட்டலாம்ல?"

அவள் அக்காவைப் பார்த்தாள்.

"அவருக்குப் பேர் போச்சுன்னா தொழிலே போயிடும்டி," என்றாள் அக்கா. "உனக்கு என்ன போகப்போகுது? புருஷன் போனப்பவும் எல்லாரும் உன்னத்தான் குத்தம் சொன்னாங்க. தாங்கிக்கல? அதோட இதையும் சேத்துக்கோ."

அக்காவின் குரலில் கோபம் துளிகூட இல்லை. தங்கையின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி சொன்னாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தும் விட்டாள், மேலே போகத் தயார்செய்வது போல.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டு இடத்திலும் இருந்தது. தடவியிருந்தால் கொஞ்சமாவது பிழைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏன் தடவவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், தலைகுனிந்து ஒப்புக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு வேலை இருந்ததே இவர்களுக்குத் தெரியாது. ஐந்து வருடமாக அவள் காலையில் இங்கே என்ன செய்கிறாள் என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

"என்ன யோசனை?" என்றார் அத்தான். "அஞ்சு வருஷம் சோறு போட்டிருக்கேன். ஒரு வார்த்தை கேக்கறேன், அதுக்கு இவ்வளவு நேரமா? முடியாதுன்னா பெட்டியக் கட்டு."

"கோவத்துல சொல்றார்டி. ஆமான்னு சொல்லு," என்றாள் அக்கா.

"பெட்டியக் கட்டிக்கறேன் அத்தான்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "விளக்கை மாத்தினது நான்னு சொல்ல மாட்டேன்."

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தான் படியைக் காட்டினார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.