மேல்பாதி

காட்டுப்பன்றிக்கு வரிசை தெரியும். விதைப்பு இயந்திரம் எந்தக் கோட்டில் மக்காச்சோளத்தைப் போட்டுவிட்டுப் போனதோ, அதே கோட்டில் மூக்கைச் செருகிக்கொண்டு, ஒரு விதை மிச்சம் வைக்காமல் வயலின் அந்தக் கோடிவரை தின்றுகொண்டே போகும். விடிந்து பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி இருக்கும்.

ரோண்டா யூரெக்கின் வயலில் முதல் விதைப்பு அப்படித்தான் போயிற்று. கையில் இருந்ததைத் துடைத்துப் போட்டு மறுபடி விதைத்தாயிற்று. இதுவும் போனால் மூன்றாம் முறைக்கு விதையும் இல்லை, பருவமும் இல்லை. டெக்சஸ் வெயில் யாருக்காகவும் காத்து நிற்காது. நிலத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கை குலுக்கும்போது முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாரே, அது போதாதா?

கூண்டு வைத்துப் பார்த்தார்கள். கிழட்டுப் பெண் பன்றி ஒன்று கூண்டைச் சுற்றி வந்து மோந்துவிட்டு, குட்டிகளை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டது. மான் வேட்டைக்கான பழைய துப்பாக்கியை அண்ணனிடம் கேட்டு வாங்கிச் சுட்டால் ஒன்று விழும். கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் மற்றதெல்லாம் ஓடைக்குள் இறங்கிவிடும். விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள் ஒன்று வேண்டும். மலிவாக வேண்டும்.

அதற்காகத்தான் அவள் பேக்கரி வேலை முடிந்ததும், புருஷன் டேரலிடம் சொல்லாமல் தீவனக் கடைக்கு வந்து, பின்பக்கத்துத் துப்பாக்கி மேசை முன்னால் நின்றாள்.

"பன்னிக்கா, இல்ல வேற எதுக்குமா?" என்றான் கடைக்காரன் வெண்டல். பள்ளியில் டேரலோடு கால்பந்து ஆடியவன்.

"வேற எதுக்கு, உன்னச் சுடவா? தோட்டா தண்டம்."

வெண்டல் சிரித்தான். ஆனால் அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தான். அந்தப் பார்வை எதற்கென்று அவளுக்கும் தெரியும்.

ஊருக்கே தெரிந்த விஷயம், ஊரே பேசாத விஷயம். போன இலையுதிர் காலத்தில், வறட்சியில் மாடுகளை விற்ற மறுவாரம், டேரல் மடியில் துப்பாக்கியோடு டிரக்கில் உட்கார்ந்திருந்தான். வேட்டைக்காலம் இன்னும் தொடங்கவில்லை. எஞ்சினும் ஓடவில்லை. ரோண்டா கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன், "உங்க அண்ணனக் கூப்பிடு. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றான். அண்ணன் கர்ட் வந்தான். "என் பெட்டகத்துல இடம் கெடக்கு மாப்ளே, எண்ணெய் போட்டு வெக்கிறேன்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். அதற்குப் பிறகு டேரல் டாக்டரிடம் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான், எப்போதாவது சிரிக்கவும் செய்கிறான். கர்ட்டோ இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி, நாலுகால் தடியோடு நடக்கிறான். பன்றியைச் சுட அவனைக் கூப்பிட முடியாது.

வெண்டல் மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தான். "இது மலிவு. ஒரே கட்டையா மரத்துல பூட்டினது, ஏற்கெனவே ஒருத்தர் வெச்சிருந்தது. இது ஏ.ஆர் ரக ரைஃபிள், புதுசு, கொஞ்சம் கூட ஆகும். பளபளப்பப் பார்க்காத, குழலப் பாரு. அப்புறம் இன்னொண்ணு, காச மொத்தத்தையும் துப்பாக்கியில கொட்டிடாத. தோட்டாவுக்கு மிச்சம் வை. தோட்டா இல்லாத துப்பாக்கி கைத்தடிதான்."

"கைத்தடி கர்ட்டுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"இன்னும் மலிவா வேணும்னா உதிரி உதிரியா வாங்கிக்க. டேரல் கைக்காரன். சமையல் மேசையில உட்கார்ந்தான்னா ஒரே சாயங்காலத்துல பூட்டி..."

அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ரோண்டாவின் கண்முன்னே அந்த மேசை வந்தது. உப்புச் சாடி, மாத்திரை டப்பா, நடுவில் பிரித்துப் போட்ட இரும்புகள், அவற்றின்மேல் குனிந்த டேரலின் தலை.

"செஞ்சு முடிச்சதுதான் வேணும்," என்றாள்.

"சரிம்மா."

மலிவானது கையிலிருந்த பணத்துக்குள் வந்தது. அதையே எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். வாசல் மணி அடித்தது.

டேரல் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "வெளிய உன் டிரக்கப் பார்த்தேன். தீவனம் வாங்க நம்மகிட்ட மாடு இல்லையேன்னு உள்ள வந்தேன்."

"பன்னிக்குத்தான் டேரல்."

"தெரியுது."

"நான்தான் சுடுவேன். வீட்டுக்குள்ளயே கொண்டு வரமாட்டேன். டிரக்குல பூட்டி வெச்சுடறேன்."

"டிரக் சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு எனக்குத் தெரியும் ரோண்டா."

வெண்டல் ஏற்கெனவே அடுக்கியிருந்த டப்பாக்களை மறுபடி அடுக்கினான். ரோண்டாவுக்கு அப்போதே அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. வயலும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம், இந்த மனிதன் மட்டும் இருந்தால் போதும். ஆனால் வயல் போய்விட்டால் இந்த மனிதன் இருப்பானா?

டேரல் மேசைக்குக் கிட்டே வந்தான். கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான். "வெண்டல், அந்த ஏ.ஆரப் பிரிச்சுக் காட்டு."

வெண்டல் விரலால் இரண்டு பிணைப்பு ஊசிகளைத் தள்ளினான். துப்பாக்கி இரண்டாக வந்துவிட்டது. குழல் உள்ள மேல்பாதி ஒரு பக்கம், விசை உள்ள கீழ்ப்பாதி ஒரு பக்கம்.

"அந்த மலிவானது இப்படிப் பிரியுமா?"

"பிரியும், ஸ்குரூடிரைவர் எடுத்து மல்லுக்கட்டணும்."

"அப்ப இதுதான். மீதிக்கு என் படகு மோட்டார எடுத்துக்க." அவன் ரோண்டா பக்கம் திரும்பினான். "மேல்பாதி உன்கிட்ட, பேக்கரியில பூட்டி வை. தோட்டா உங்க அண்ணன்கிட்ட. கீழ்ப்பாதி என்கிட்ட இருக்கட்டும்."

"மொத்தத்தையும் கர்ட் வீட்டுலயே வெச்சுடலாமே?"

"வெக்கலாம்." தொப்பியின் விளிம்பைத் தடவினான். "நானேதான் எல்லாத்தையும் குடுத்தேன். சரிதான். ஆனா அன்னையிலருந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற கத்தியக் குடுக்கும்போதுகூட நீ ஒரு தடவ யோசிக்கிற. பாதியாவது நம்பிக் குடு."

அவள் வெண்டலின் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சில நாள் சரியாகத்தான் நடந்தது. பேக்கரி வேலை முடிந்து மேல்பாதியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழியில் கர்ட் வீட்டில் நிற்பாள். "ஒரு டப்பா தோட்டாவுக்கு ஆப்ரிகாட் பழம் வெச்ச கொலாச்சி ரொட்டி ஒண்ணு. கடன் கிடையாது," என்று அவன் தடியைத் தட்டுவான். பொழுது சாயும் நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வரப்போரம் துப்பாக்கியைப் பூட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பன்றி வராது. முளை மட்டும் பச்சையாய்த் தலை காட்டத் தொடங்கியது.

பெரிய வெள்ளியன்று பேக்கரியில் கூட்டம் மொய்த்தது. ஈஸ்டருக்கு ஊரெல்லாம் கொலாச்சி வேண்டும். அவள் கடையைவிட்டு வெளியே வந்தபோது சூரியன் மரத்தில் மோதிக்கொண்டிருந்தது. டேரலுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கர்ட் வீட்டிலிருந்து அடித்தாள். எடுக்கவில்லை. கர்ட் வேடிக்கை பேசவில்லை. டப்பாவைக் கையில் திணித்து, "போ," என்றான்.

கீழ்ப்பாதிதானே அவனிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினாள். உலகத்தில் துப்பாக்கி ஒன்றுதானா என்று மனம் திருப்பிக் கேட்டது. தேவமாதாவே, அந்தப் பயிர் முழுக்கப் பன்றிக்கே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வரப்போரம் அவன் டிரக் நின்றது. கதவு விரியத் திறந்திருந்தது. இருக்கையில் கீழ்ப்பாதி. பக்கத்தில் போன், அவளுடைய அழைப்புகளோடு. ஆளைக் காணோம்.

"டேரல்!" வயலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் தகர ஓசை கேட்டது. தட தடவென்று, கோவில் மணியைப் பைத்தியக்காரன் அடித்த மாதிரி. வயல் நடுவே முழங்கால்வரை சேற்றோடு டேரல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியை ஸ்பானரால் அடித்துக்கொண்டு ஓடினான். "வெக்கங்கெட்டதுங்களா! உங்கப்பன் வீட்டுச் சோளமாடா! வாங்கடா, என்னத் தின்னுங்கடா!" தாத்தா காலத்துச் செக் மொழி வசவுகளும் நடுநடுவே வந்தன. பன்றிக்கூட்டம் ஓடைக்கரை வரை பின்வாங்கி நின்றது. கிழட்டுப் பன்றி மட்டும் இவனை எடை போடுவதுபோல் பார்த்தது.

ரோண்டா டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் மூச்சிரைக்க வந்தான். முகமெல்லாம் கண்ணீரும் சேறும். "எங்க போயிட்ட? உன் பாதி இல்லாம நான் என்ன பண்ணுவேன்? உட்கார்ந்து பார்த்தேன் ரோண்டா. என் கண்ணு முன்னாடி தின்னுதுங்க. பாதி வயல் போச்சு."

"ஈஸ்டர் கூட்டம்... போன எடுத்திருக்கலாம்ல?"

"வாளி அடிக்கிறவன் போன எப்படி எடுப்பான்?"

அவள் துண்டைப் பிரித்தாள். அவன் கை நடுங்கியதில் ஊசி துளையில் இறங்கவில்லை. அவள் மேல்பாதியை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவன் தள்ளினான். ஒன்று, பிறகு இன்னொன்று. முழுத் துப்பாக்கி இப்போது அவன் கையில். தோட்டா டப்பா அவள் கையில்.

அவன் அவளையே பார்த்தான். அவள் டப்பாவை நீட்டினாள். யோசிக்கவில்லை, யோசிக்காததை அவனும் கவனித்தான்.

தோட்டாக்களை ஏற்றி, துப்பாக்கியை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "இன்னிக்கு நீ. என் கை ஆடுது."

கிழட்டுப் பன்றிதான் முதலில் விழுந்தது. மற்றவை சிதறி ஓட, ஓடைக்குள் இறங்குவதற்குள் இன்னும் சில விழுந்தன. பிறகு அமைதி. மிஞ்சிய பாதிப் பயிரைப் பார்த்து நிலத்துக்காரர் என்ன சொல்வாரோ, இருவருக்கும் தெரியாது.

டேரல் கையை நீட்டினான். துப்பாக்கியில் தோட்டா மிச்சமில்லை என்று சோதித்து, அவள் கேட்காமலே ஊசிகளைத் தள்ளினான். சூடு ஆறாத மேல்பாதியைத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்தான்.

"நாளைக்குச் சீக்கிரம் வா," என்றான்.