சோளத்தட்டைக்கு வைத்த தீ

சுடலைமுத்துவுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்து, வவுனியாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தவள் விவசாயத் திட்டத்தில் வேலை செய்கிற சுபோதினிதான். திட்டத்துக்குக் காசு தருகிற வெள்ளைக்காரர் முன்னால் ஒரு விவசாயி உட்கார்ந்திருக்க வேண்டுமாம். மூன்றாம் வருடமும் சுடலைமுத்துவின் பெயர் திட்டத்தில் இருக்குமா என்பது இன்று தெரிந்துவிடும். பெயர் இருந்தால்தான் விதையும் தண்ணீர் பம்பும்.

சொன்னதை அப்படியே நம்புகிற மனிதர். மேட்டுப்பாத்தி போடச் சொன்னார்கள், போட்டார். மாரியில் சோளம், அது முடிய அதே பாத்தியில் சோயா. சோளத்தட்டையை எடுக்காதே, கொளுத்தாதே, மண்ணை மூடிக் கிடக்கட்டும் என்றார்கள். தீனிக்குக் கத்திய பசுவை விற்றாரே தவிர, ஒரு தட்டையைத் தொடவில்லை. இரண்டாம் வருடம் சோயா இடுப்பளவு நின்றது.

போன கிழமை டைரக்டர் வின்சன்ற் சுபோதினியைக் கூப்பிட்டார்.

"வெள்ளைக்காரர் தோட்டம் பாக்க வாறார். அங்க என்ன, குப்பைமேடு மாதிரிக் கிடக்கு? கிளீன் பண்ணச் சொல்லும்."

அந்தக் குப்பைதான் திட்டமே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுடைய கொன்ட்ராக்டும் இந்த மாதம் முடிகிறது. தட்டையைக் கொளுத்திவிடும்படி போனில் சொன்னாள். "நெசமாவா மிஸ்?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சுடலைமுத்து தீ வைத்தார். வெள்ளைக்காரரோ அந்தப் பக்கமே போகவில்லை. வெயில் கூடவாம்!

இப்போது அலுவலகச் சுவரில் சுடலைமுத்துவின் தோட்டத்துப் படம் விழுந்தது. பாத்தியெல்லாம் கரி. தட்டை எங்கே என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

எவ்வளவு சொன்னாலும் இந்த ஆட்கள் கேட்பதில்லை, கொளுத்திவிடுவார்கள் என்று வின்சன்ற் இங்கிலீசில் கூசாமல் சொன்னார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று கண்டு சுடலைமுத்து கைகூப்பிச் சிரித்தார்.

அவரிடமே கேளுங்கள் என்றார் வெள்ளைக்காரர்.

"அண்ணை, தட்டையைக் கொளுத்தினது நீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஆமாங்க மிஸ். நீங்க சொன்ன அன்னைக்கே கொளுத்திட்டேன். எனக்கு மனசே வரல. படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்னுதான்..."

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். வின்சன்ற் பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யெஸ்," என்றாள் சுபோதினி.

வெள்ளைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே தாளில் ஒரு பெயரை வெட்டினார்.

சுடலைமுத்து காலடியில் இருந்த பையை எடுத்து அவள் மடியில் வைத்தார். போன அறுவடையில் அவளுக்கென்று பொறுக்கி வைத்த சோயா.

"அவருக்கு சந்தோசந்தானுங்களே மிஸ்?"

"ஓம்," என்றாள்.