பாப்பாவோட ஹேர் டிரையர்

தேயிலைத் தோட்டத்தின் கீழ் லைன் வீடுகளில் எந்தப் பெண்ணும் தனக்கென்று எதையும் வாங்குவதில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், வாங்குவாள், தனக்கென்று சொல்லமாட்டாள். இப்படியொரு விதியை யாரும் வகுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பந்தலூர் கடைவீதியிலிருந்து ஒரு புதிய பை லைனுக்குள் நுழையும்போது, அது யாருக்கு என்ற கேள்விக்கான விடை பையைத் திறப்பதற்கு முன்பே தயாராக இருக்கும். மாரியாயியின் கம்பளிப் போர்வை விருந்தாளிகளுக்காக வாங்கியது. அப்படி ஒரு விருந்தாளி வந்து தங்கியதை யாரும் பார்த்ததில்லை. போர்வை மட்டும் நடுவில் நூல் தேய்ந்திருந்தது. கடைசி வீட்டுக்காரி வாங்கிய நல்ல செருப்பு, மகளுக்கு அளவு சேராததால் தாயின் காலுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அளவு சேராமல்தான் போகும். கேட்பவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தே தலையாட்டுவார்கள், ஏனெனில் அடுத்து வரும் பை அவர்களுடையதாக இருக்கலாம்.

எனவே ஜூன் மாதத் தொடக்கத்தில், தான் எடுத்த சீட்டுப் பணத்தில் மாலதி ஒரு ஹேர் டிரையர் வாங்கியபோது, கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் தீபலட்சுமிக்கு என்றுதான் அது லைனுக்குள் வந்தது. விலை ஏறக்குறைய மாலதியின் ஒரு மாதச் சம்பளம்.

மாலதி கொழுந்து பறிப்பவள். அந்தப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ஆகஸ்ட் முடியும்வரை துணி காயாது, தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும். தலையோடு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாலும், தண்ணீர் எப்படியோ உள்ளே புகுந்து கொண்டையில் தங்கிவிடும். அவளுடையது பெரிய கொண்டை. அவிழ்த்தால் இடுப்பைத் தாண்டும். விறகடுப்பு இருந்த காலத்தில் அதன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து உலர்த்திக்கொள்ள முடிந்தது. கேஸ் அடுப்பு வந்தபின் வீட்டைவிட்டுப் புகை போயிற்று; அந்த அனலும் கூடவே போயிற்று. ஈரத்தோடு முடிந்துகொண்டு படுத்து, ஈரத்தோடே எழுந்து வேலைக்குப் போனதில், தலையில் நீர் கோத்துக்கொண்டது. வலி இடது புருவத்துக்கு மேல் தொடங்கி, அந்தக் கண்ணைத் திறக்கவிடாமல் செய்யும். முடியைக் காய வைக்க முடியவில்லை என்றால் வெட்டிவிடும்படி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அன்று மாலை அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். சற்று நேரம் பார்த்துவிட்டு, அதை மீண்டும் தையல் டப்பாவுக்குள்ளேயே போட்டாள். அவள் கணவன் தினகரன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவனைப் போல மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மழைக்காலத்திலேயே விலை குறைந்த ஒன்றை வாங்கிப் பார்த்திருந்தாள், அதுவும் தீபாவுக்குத்தான். அது காற்றைவிட அதிகமாகச் சூட்டைத்தான் ஊதியது. நுனிமுடி வைக்கோல்போல் ஆகி, கருகல் வாடை வீடெங்கும் நிற்கும்; வேர்க்கால் அப்படியே சொதசொதவென்று இருக்கும். தினகரன் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளத்தில் வேலை செய்பவன். பறித்து வந்த பச்சை இலையை நீண்ட கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி வாட்டும் இடம் அது. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இலையின் மேல்தோல் முறுகிவிடும், காம்பு ஈரமாகவே நிற்கும் என்று முதல் வாரத்திலேயே அங்கே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். பழைய டிரையரைக் கையில் வாங்கி உள்ளங்கைக்கு நேரே பிடித்துப் பார்த்தவன், இதில் காற்றே இல்லை என்று மட்டும் சொன்னான்.

புதியது வேறு மாதிரி இருந்தது. கைக்கு அடக்கமானது, ஓடவிட்டால் சூடு இதமாகவும் காற்று பலமாகவும் வரும். தோழி ஒருத்தி வேலை பார்க்கும் பியூட்டி பார்லரில் பார்த்துவிட்டு தீபா சொன்னது. விலையைக் கேட்டதும் மாலதி போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, அதன் பெயர் என்ன என்று கேட்டாள்.

அதற்கெனத் தினகரன் சுவரில் பெரிய பிளக் ஒன்றை மாட்டிக் கொடுத்தான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அவளும் தீபாவின் பெயரை ஒருமுறை சொன்னதோடு சரி. தீபாவோ தீபாவளிக்குத்தான் வருவாள். டிரையர் பெட்டியோடு அலமாரியில் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலதி தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தபோது, அவன் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருந்தான்.

"பாப்பாவோட மெஷினு சும்மாவே கெடந்தா உள்ள ஈரம் ஏறிப்போயிரும் அம்மணி. அப்பப்ப ஓட்டி வெச்சாத்தான் நல்லது."

"சும்மா செவுத்தப் பாத்து ஓட்டோணுங்களா?"

"ஈரச் செவுத்தக் காயவெக்கவெல்லாம் அது பத்தாது. உன்ற தலைக்குப் புடிச்சுப் பாரு."

அன்று முதல் ஞாயிறுதோறும், சில புதன்கிழமைகளிலும், மெஷின் கெட்டுப்போகாமலிருக்க மாலதி தலை உலர்த்தினாள். ஓடி முடித்ததும் அவன் வந்து அவள் பின்னால் உட்காருவான். வாடிய இலையைச் சோதிப்பதுபோல, ஒரு கற்றை முடியைக் கைக்குள் வைத்து அழுத்தி, பிறகு விரல்களை மெல்லத் திறப்பான். பதமாக வாடிய இலை திரண்டபடியே கிடக்கும்; வாடாத இலை விரிந்து எழும். முடிக்கு இது நேர் எதிர் என்று சொல்லிச் சிரிப்பான். கற்றை கையிலிருந்து உதிர்ந்து விரிந்தால் காய்ந்தது என்று கணக்கு. அவன் உள்ளங்கையில் பல ஆண்டு இலைக்கறை ஏறியிருந்தது. அந்தக் கை தலைமீது படும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஜூன் மாதம் முழுவதும் வலி வரவில்லை.

ஆனால் தீபாவின் பொருள் என்றால், அது தீபா ஊரில் இல்லாதவரை சும்மா கிடக்கும் பொருள். சும்மா கிடக்கும் பொருளைக் கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை. முதலில் பக்கத்து வீட்டு மாரியாயி வந்தாள்; பேரனின் பள்ளிக்கூடச் சாக்ஸ் மூன்று நாளாகக் காயவில்லை என்றாள். அடுத்து யாருடைய சீருடையோ, அதற்கடுத்து ஷூ. தண்ணீரில் விழுந்த செல்போன் ஒன்றும் வந்தது. லைனின் மேல்கோடியில் இருந்த சங்கிலி, கோயில் பூசைக்கு உடுக்கை அடிப்பவன். ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தமே எழும்பவில்லை, தீயில் காட்டிச் சூடேற்ற இப்போது யார் வீட்டில் விறகு எரிகிறது என்று கேட்டு வாங்கிப் போனான். பொருள் அவளுடையதென்றால் மறுக்கலாம், தள்ளிப்போடலாம். மகளுடையதை எந்த வாயால் மறுப்பது? திரும்பி வரும்போதெல்லாம் டிரையரின் பின்புற வலையில் சாக்ஸின் பஞ்சு அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மாலதி அதைப் பொறுமையாகத் தேய்த்து எடுப்பாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு டிரையர் சங்கிலி வீட்டில் இருந்தது. அடுத்த ஞாயிறும் அங்கேயே இருந்தது. அந்தத் திங்கட்கிழமை மாலதி ஒற்றைக் கண்ணோடு தோட்டத்தில் நின்றாள். கொழுந்து எது, முற்றிய இலை எது என்று கைதான் கண்டுபிடித்தது. பாதி நாளில் முடியாமல் வீட்டுக்கு வந்து சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றபோது, தையல் டப்பா கண்ணில் பட்டது. அதிலிருந்த கத்தரிக்கோலைத் தினகரன் ஏற்கெனவே எங்கோ எடுத்து வைத்துவிட்டிருந்தான். ஏதோ சாக்குச் சொல்லி டிரையரை அன்று மாலையே சங்கிலியிடமிருந்து வாங்கி வந்தவனும் அவன்தான்.

இந்த நிலையில்தான், அதற்கடுத்த ஞாயிறு காலை, தினகரனின் தங்கை ஜீவிதா ஸ்ரீமதுரையிலிருந்து வந்தாள். அழகுக்கலைப் பயிற்சி முடித்திருந்தாள். வீட்டின் முன்னறையில் ஆவணியில் ஒரு பியூட்டி பார்லர் தொடங்கப் போகிறாள். கணவன் பாலமுருகன் நாற்காலியும் கண்ணாடியும் ஏற்பாடு செய்துவிட்டானாம். அவள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அண்ணிக்கென்று பலாச்சுளையும் கொண்டுவந்திருந்தாள். வந்த விஷயத்தை, சாக்ஸோடு வந்திருந்த மாரியாயிக்கும், மழைக்கு ஒதுங்கிய சங்கிலிக்கும் நடுவிலேயே சொன்னாள். தீபாவின் டிரையர் தனக்கு வேண்டும். தீபாவுக்குக் கோயம்புத்தூர் வெயிலே போதுமே.

"தீபாகிட்ட போன்லயே கேட்டுட்டனுங்க அண்ணி. அம்மாகிட்டக் கேளுங்க அத்தைன்னுட்டா. அவ பொருளுக்கு அவளே உங்களக் கையக் காட்டுறா."

அலமாரியிலிருந்து அதை எடுத்து அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு விலைக்கு அப்படி என்னதான் செய்கிறது என்று சங்கிலி கேட்டான். காற்று அடிக்கும் என்றாள் மாரியாயி.

"இத்தன காசக் குடுத்துக் காத்தையா வாங்குனீங்க? இந்த மலையில அது ஒண்ணுதான சும்மா கெடைக்குது" என்றான் சங்கிலி.

ஜீவிதா சிரிக்கவில்லை. அவள் தொழிலுக்காகவே கேட்டாள்: "நெசமாச் சொல்லுங்க அண்ணி, குடுத்த காசுக்குத் தேறுமுங்களா?"

ஒரு பொருள் கொடுத்த காசுக்குத் தகுமா என்று சொல்ல வேண்டுமானால், யாருக்குத் தகும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நுனி கருகாத முடியைப் பற்றியோ, வலி வராத ஜூன் மாதத்தைப் பற்றியோ, இலைக்கறை படிந்த ஒரு கை தலைமீது மெல்லத் திறப்பதைப் பற்றியோ, தீபாவின் பெயரில் நின்றுகொண்டு எப்படிப் பேசுவது? ஏதோ பாப்பா சொன்னாள், வாங்கினோம் என்று மாலதி முணுமுணுத்தாள். ஜீவிதா அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, டிரையரைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தன் பையில் இறக்கினாள்.

"அது பாப்பாவோடது இல்ல ஜீவிதா" என்றான் தினகரன். "எனக்கு வாங்குனது."

எல்லோரும் அவன் தலையைப் பார்த்தார்கள். காதோரமாகவும் பிடரியிலும் கொஞ்சம் நரைமுடி. மற்றபடி நெற்றி உச்சியைக் கடந்து பின்பக்கம்வரை போய்விட்டிருந்தது.

"எந்த முடிக்குத் தம்பி?" என்று கேட்டாள் மாரியாயி.

"இருக்கறதக் காப்பாத்தோணுமில்லீங்க அக்கா."

சங்கிலி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜீவிதா, அண்ணனுக்குத் தன் பார்லரில் முதல் நாள் இலவசம் என்றாள். மாலதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே திரும்பியவள், தினகரன் மட்டும் சிரிக்காமல் நிற்பதைக் கண்டாள். அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, தங்கையின் பையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றான். இதுவரை அவள் ஒதுங்கியிருந்தது மகளின் பெயருக்கடியில். அது போதவில்லை என்று தெரிந்ததும், நான்கு பேர் சிரிக்கட்டும் என்று தன் பெயரையும் குடையாக விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் அதற்கடியிலும் ஒதுங்கிக்கொள்ளலாம். அதற்காகத்தான் பிடித்திருக்கிறான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கு வாங்குனது" என்றாள் மாலதி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சங்கிலி சிரிப்பதை நிறுத்தினான். மாரியாயி கையிலிருந்த சாக்ஸை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"தீபாவுக்குன்னுதான சொன்ன, கண்ணு?" அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வழுக்கிவிட்டவளுக்குத் திரும்பி ஏற ஒரு படியைக் காட்டுவதுபோலத்தான் கேட்டாள்.

"சொன்னனுங்க அக்கா. தீபாவுக்கில்லீங்க. அவருக்கும் இல்ல. என்ற தலை வலிக்குது, என்ற சீட்டுப் பணம் இருந்துது, எனக்குன்னு வாங்குனேன்."

ஜீவிதாவின் பக்கம் திரும்பினாள். "காசுக்குத் தேறுமான்னு கேட்டியே ஜீவிதா, தேறும். நீயும் உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்க."

ஜீவிதா பையை அவள் பக்கம் நகர்த்தினாள். மாலதி பெட்டியை வெளியே எடுத்து, டிரையரைச் சுவரிலிருந்த பெரிய பிளக்கில் சொருகினாள். தினகரன் வழக்கம்போல அவள் பின்னால் வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்பதுபோல அவன் வாசலைப் பார்க்க, வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். பிறகு மாரியாயியும் சங்கிலியும் ஜீவிதாவும், மழையில் வாசலைக் கடந்து போகிறவர்களும் பார்க்க, ஈரக் கொண்டையை அவிழ்த்து முதுகில் பரப்பிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.