கடைசி வண்டியின் கொடி

ஒட்டிலி பிரேக்கை அழுத்தியதும் பக்கத்தில் இருந்த அப்பா எசாயாவின் தலை முன்னால் சரிந்தது. இடது கையை நீட்டித் தாங்கிக்கொண்டாள். பனிமூட்டத்தில் முதலில் 'நில்' என்ற பலகை மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த ரோட்டு வேலைக்காரப் பெண் ஆலெட்டா, முகத்தில் சுற்றிய துணியோடு ஜன்னலருகே வந்தாள்.

"பாதி ரோட்டை வெட்டிப் போட்டிருக்குக்கா. ஒரு வண்டிதான் போகலாம். அந்தப் பக்கத்துக் கடைசி வண்டி பச்சைக் கோலைக் கொண்டாந்து குடுக்கணும். அப்பத்தான் உங்கள விடுவேன்."

"வயர்லெஸ்ல கேளேன்."

"அதுக்குக் காலைலயே உயிர் போயிடுச்சு." சொன்ன பிறகுதான் அவள் எசாயாவின் முகத்தைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மணல்மேடுகளைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களைப் பாலைவனப் பூங்காவின் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிலியின் வீடு பூங்காவுக்குள், ஆற்றங்கரையில். அதனால் விட்டார்கள். "ரெண்டு நாள் தாங்கும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று வால்விஸ் பே ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் நேற்றுச் சொன்னார். அப்பாவின் மூச்சு அவருடைய கட்டிலில்தான் போகவேண்டும், அம்மாவின் சமாதி தெரியும் அந்த ஜன்னலோரத்தில். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எசாயா கண்ணைத் திறந்தார். "எந்த இடம்?"

"வெள்ளைப்பாறை வளைவுப்பா."

பத்து நாளாகப் புரண்டுகூடப் படுக்காத மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடத்தின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வளைவில், இப்படியொரு பனியில், அவர் பலகை பிடித்து நின்றார். அப்போது கோல் கிடையாது, சிவப்புக் கொடி. அதைக் கொண்டுவர வேண்டிய கடைசி வண்டியை ஓட்டியவன் அம்மாவின் தம்பி வில்பார்ட். இந்தப் பக்கம் லாரிக்காரன் ஹார்னை அடித்துத் தொலைத்தான். கொடி வராமலே எசாயா அவனை விட்டுவிட்டார். பனிக்குள் லாரி வில்பார்டின் வண்டியில் மோதியது. வில்பார்டின் உடம்பை எடுத்தார்கள். கொடி மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா தினமும் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், துணி துவைத்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள். தம்பியின் பெயரை மட்டும் அவர் எதிரில் சாகும்வரை சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் போனது. கடல் அனுப்பும் பனிக்குப் போகிற நேரம் தெரிவதில்லை. எசாயாவின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"எதுவும் வரல தங்கச்சி. உனக்குக் கோடி புண்ணியம், விட்டுடு" என்றாள் ஒட்டிலி.

ஆலெட்டா முன்னும் பின்னும் பார்த்தாள். "சரி, போங்க. மெதுவா." பலகையைத் திருப்பப் போனாள்.

எசாயா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "கூடாது! கொடி வரட்டும்."

"வீட்டுக்குப் போக வேண்டாமாப்பா?"

"கொடி இல்லாம போய் உங்கம்மா மொகத்துல எப்படிடீ முழிப்பேன்?"

ஒட்டிலி இறங்கினாள். அவர் நெற்றியில் போடத் துணியை நனைக்கலாம் என்று ரோட்டோரம் வைத்திருந்த தண்ணீர் டிரம்முக்குப் போனாள். இருபது அடிகூட இருக்காது. துணியைப் பிழியும்போது பின்னால் பழைய வண்டி ஒன்று தடதடத்து நின்றது. கதவு திறந்து சாத்தியது. யாரோ சிரித்தார்கள். அப்பாடா என்று ஓடிவந்தாள்.

"வந்துடுச்சா?"

"எது வந்துச்சுக்கா?"

"வண்டி!"

"ஒண்ணும் வரலையே. நான் இங்கதானே நிக்கிறேன்."

எசாயாவின் மடியில் ஒரு மரக்கம்பு இருந்தது. அதில் வெளுத்துப்போன சிவப்புத் துணி, ஈரம் சொட்டச் சொட்ட.

"வில்பார்ட் குடுத்துட்டுப் போறான்" என்றார். "கொஞ்சம் நேரமாயிடுச்சு மச்சான்னு சிரிக்கிறான், கழுதப்பய. இனி போகலாம்."

ஒட்டிலி மணலைப் பார்த்தாள். அவளுடைய வண்டித் தடம் மட்டும் இருந்தது. ஆலெட்டா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று வந்தது. பச்சைக் கோல் கை மாறி ஒட்டிலியிடம் வந்தது. "வழியில யாராவது?" என்று கேட்டாள். "ஒரு ஈ காக்கா இல்லம்மா" என்றான் டிரைவர்.

அவள் ஏறி உட்கார்ந்தபோது அப்பாவின் மூச்சுச் சத்தம் இல்லை. தாடையைத் தொட்டுப் பார்த்தாள். நனைத்த துணியால் முகத்தைத் துடைத்து, பெல்ட்டைச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள். வெட்டிய பாதையில் மெதுவாகத்தான் ஓட்டினாள், தூங்குகிறவரைக் கூட்டிப் போவதுபோல.

மறுமுனையில் தாடிக்காரன் ஒருவன் கையை நீட்டினான். பச்சைக் கோலைக் கொடுத்தாள். அவன் எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் கையில இருக்கிறதையும் குடுத்துடுங்க. எங்க சாமானா இருக்கும்."

"இல்லண்ணே. அது எங்கம்மாவுக்கு."

அவன் பெரியவரின் விரல்களைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பலகையைத் திருப்பிப் பிடித்தான்.