குளிர் அறைக்குள் போன வெள்ளை நாற்காலி

நாற்காலிக்கு உறை தைக்கும் எங்கள் தொழிலில் கோடு போடுவதை விட, போட்ட கோட்டைப் போக்குவதுதான் கஷ்டம். கறுப்பு வினைல், அதாவது செயற்கைத் தோல் என்றால் கவலையில்லை. குளித்துத் தேய்ந்த சோப்புத் துண்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டு கோடு இழுக்கலாம். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அடர்நிறத் தோலுக்கு வெள்ளிப் பேனா நல்லது. ஆனால் வெளிர் தோலில் அதே பேனாவின் மை சின்னத் துளைகளுக்குள் சாம்பல்போல் இறங்கி அங்கேயே குடியிருந்துவிடும். எல்லாவற்றிலும் மோசம் சாதாரணப் பால்பாயின்ட் பேனா. வினைலின் பின்பக்கம்தானே என்று எழுதினால், அந்த வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பசை மையை மெல்ல மெல்ல உறிஞ்சி, சில மாதங்களில் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டும்.

இப்போது வெள்ளை வினைலை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு தெரியாது. சாக்பீஸ் தெரியாது. தெரிகிற எதுவும் போகாது.

கானா நாட்டுக் குமாசியில், சுவாமே பட்டறைத் தெருவில், என் அக்கா அஃப்ராகோமா வெட்டுவாள், நான் தைப்பேன். மீன் சந்தைக்குப் புதுத் தலைவியாகத் தேர்வான கொனாடு அம்மா, பதவி ஏற்கும் நாளில் உட்கார வெள்ளை நாற்காலி கேட்டு எங்களிடம் வந்தார். எங்கள் ஊரில் வெள்ளை என்றால் வெற்றி, மகிழ்ச்சி. அதில் ஒரு கறை தெரிந்தால் போதும், சந்தையே அதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிடும்.

"ஒரு கோடு தெரிஞ்சாலும் அந்த நாற்காலில உக்கார மாட்டேன். எதிர்ப்பட்டறை என்சியா கறுப்பு நாற்காலி ஒண்ணு தயாரா வெச்சிருக்கான்" என்றார்.

"தெரியாதும்மா. தெரிஞ்சா நான் கத்தரிக்கோலைக் கீழ வெச்சுடறேன்" என்றாள் அக்கா. தெருவே கேட்கும்படி சொன்னாள். என்சியா அண்ணனும் கேட்டார்.

அக்காவின் துணிச்சலுக்குக் காரணம் ஒரு புதுப் பேனா. என்சியா அண்ணனே தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு கட்டு வாங்கிவந்து, அதில் ஒன்றை எங்களுக்கு விற்றிருந்தார். நீலமாக எழுதும். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மறைந்துவிடும். அக்கா துண்டு வினைலில் எழுதி, டிரையரால் மறைத்து, வெயிலில் போட்டுப் பார்த்தாள், மழையில் நனைத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

நாற்காலியில் நெடுக வரி வரியாகப் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்தத் தையலுக்கு வினைலின் முகம் மேலே பார்த்து மெஷினுக்குள் போகும். அதனால் கோடுகளும் எனக்கான குறிப்புகளும் முகத்தின் மேலேயே எழுதப்பட்டன. குறிப்பு எழுதாமல் எங்கள் தெருவில் யாரும் வெட்டுவதில்லை. உட்காரப்போகிறவர் எப்படி உட்காருவார் என்று வெட்டுகிறவர் கவனித்து எழுதுவார், தைக்கிறவர் அதன்படி பஞ்சு வைப்பார். தைத்து முடித்ததும் அக்கா டிரையரை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். நிறுத்தினால் வினைல் பளபளப்பு கூடி அதுவே ஒரு அடையாளமாகிவிடும். நாற்காலி பாலாடைபோல் வெளியே வந்தது.

விழாவுக்கு முந்தைய நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் காலை, நான் புளித்த சோளமாவில் செய்த கெங்கே உருண்டையைப் பிரித்து மிளகாய்த் துவையலில் தொடும்போது அக்காவின் போன் அடித்தது.

"உன் நாற்காலி பேசுது. வந்து பாரு" என்றார் கொனாடு அம்மா. அவ்வளவுதான்.

ஓடினோம். அவருடைய உறைமீன் கடை வாசலில், சந்தைப் பெண்கள் சூழ, நாற்காலி நின்றது. நீலக் கோடுகள் அத்தனையும் திரும்பி வந்திருந்தன. குறிப்புகளும்தான். என்சியா அண்ணன் கறுப்பு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்.

கொனாடு அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'வலப்பக்கம் பஞ்சு கூட வை. அம்மா சாய்ஞ்சுதான் உக்காருவாங்க.' சரி. 'முன் விளிம்பைத் தாழ்த்து, கால் தரையில படணும்.' நான் குட்டைன்னு சொல்ற. இது என்ன, நட்டநடுவுல? 'இங்க ரெட்டைத் தையல். கோவம் வந்தா தொப்புனு உக்காருவாங்க.'"

கூட்டத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்கத் தோள்துணியைக் கடித்தாள்.

"சாயங்காலம் இந்தச் சந்தை மொத்தமும் என் முன்னாடி நிக்கும். நான் இதுல எப்படி உக்கார்றது?"

அக்கா நாற்காலியைத் தொட்டாள். கையை உதறிக்கொண்டாள். "அம்மா, இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க வெப்பேன்? மீன் அறையிலதான். இந்தச் சந்தையிலேயே நல்ல பூட்டு இருக்கிற இடம் அதுதான். வெளிய வெச்சா எண்ணெய்க் கையோட வந்து ஆளுக்கொரு தடவை உக்காந்து பாப்பாளுங்க."

"வெயில், மழை எல்லாம் பாத்தேன். இதைப் பாக்கலையே" என்றாள் அக்கா மெதுவாக.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மை வினைலை விட்டுப் போகவே இல்லை. சூடு பட்டதும் நிறம் மட்டும் தூங்கிவிடுகிறது; மீன் கல்லாக உறையும் குளிர் பட்டால் விழித்துக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர்கூட அதை எழுப்பப் போதாது. குமாசியில் அப்படிப்பட்ட குளிர் மீன் அறையில் மட்டும்தான் இருக்கிறது. அதற்குள் நாற்காலியைக் கொண்டுபோகிறவர் கொனாடு அம்மா மட்டும்தான்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். பையிலிருந்த துண்டு வினைலில் அக்கா ஒரு நீலக் கோடு போட்டு, ஸ்பிரிட்டைத் தேய்த்துக் காட்டினாள். மை போனது, கூடவே பளபளப்பும் போய் அந்த இடம் சுண்ணாம்படித்த சுவர்போல் ஆனது. "வேண்டாம். சலூன்ல டிரையர் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

கூட்டம் பார்க்கப் பார்க்க அக்கா டிரையரை ஆட்டினாள். 'குட்டை' மறைந்தது. 'சாய்வு' மறைந்தது. 'தொப்பு' கடைசியில் மறைந்தது. பெண்கள் குனிந்து தேடினார்கள், கிடைக்கவில்லை.

"சாயங்காலம் திரும்ப வருமா?" என்றார் கொனாடு அம்மா.

"மீன் கூட வெக்காத வரைக்கும் வராதும்மா."

என்சியா அண்ணன் நாற்காலியைத் தோள் மாற்றிக்கொண்டார். "எதுக்கு ரிஸ்க்கு? என் நாற்காலி இருக்கே. வாடிக்கையாளரைப் பத்தி இப்படியெல்லாம் எழுதறதே தப்பும்மா. நான் எழுதவே மாட்டேன்."

"எழுதவே மாட்டியா?" கொனாடு அம்மா கடை வாசலைக் காட்டினார். அங்கே அண்ணன் போன மாதம் செய்துகொடுத்த வெள்ளை முக்காலி இருந்தது. "யாராவது அதைத் தூக்கி மீன் அறையில வைங்கடி."

அண்ணன் கறுப்பு நாற்காலியைச் சட்டென்று கீழே வைத்தார். "அம்மா, அதுக்கு ஒரு கால் ஆடுது. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணித் தரேன்."

"நேத்து வரைக்கும் ஆடலையே."

"இனிமே ஆடும்போல."

இரண்டு பெண்கள் முக்காலியை உள்ளே வைத்தார்கள். கொனாடு அம்மா பூட்டிச் சாவியை இடுப்புத் துணியில் முடிந்துகொண்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார்: "கத்தரிக்கோலைக் கீழ வெக்க வேணாம். ஆனா நடுவுல அந்தத் தையல் தாங்குமா?"

"தாங்கும்மா. அதுக்காகத்தான் எழுதினேன்."

சாயங்காலம் முரசு முழங்க, வெற்றியின் அடையாளமாகத் தோளில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு அவர் வந்தார். கால் தரையில் படிந்தது. வலப்பக்கம் சாய்ந்தார். தலைவர்களின் பேச்சு நீண்டது. நடுவில் ஒருவர் மீன் விலையைக் குறைக்க வேண்டும் என்றார். கொனாடு அம்மா எழுந்து பதில் சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. கூட்டத்தைத் தாண்டி அக்காவைப் பார்த்து அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

என்சியா அண்ணனை மட்டும் விழாவில் காணவில்லை. திரும்பும் வழியில் பார்த்தோம். உறைமீன் கடை வாசலில், தன் கறுப்பு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் சலூன் டிரையர்.

"அண்ணே, அந்த முக்காலில என்னதான் எழுதினீங்க?" என்றாள் அக்கா.

அவர் டிரையரின் ஒயரைப் பிரித்தார். "இங்க பிளக் பாயின்ட் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.