மூன்றாம் கூண்டின் குரைப்பு

ஏழு நாய்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிப்போன வியாழக்கிழமை, அவற்றின் குரைப்பு மட்டும் காப்பகத்திலேயே தங்கிவிட்டது. முதலில் கவனித்தவர் வாளி அண்ணன். கூண்டு கழுவுவதும் தீனி வைப்பதும் அவர் வேலை. கையில் வாளியில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தீனித் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டதும், காலியாகக் கிடந்த முன்வரிசைக் கூண்டுகள் ஏழும் வழக்கம்போல ஒரே நேரத்தில் குரைத்தன. அவர் குனிந்து பார்த்தார். ஈரத் தரையும் சாக்கும்தான் இருந்தன. நேரே டாக்டரம்மாவிடம் போய், நாய்கள் போய்விட்டன, சத்தம் போகவில்லை என்று சொன்னார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதையும் அவர் அதே குரலில்தான் சொல்வார்.

டாக்டரம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது, அதுதான் வினை. கருத்தடை செய்த நாயைப் பத்து நாள் வைத்திருந்து, தையல் ஆறியபிறகுதான் பயணம் அனுப்ப வேண்டும். தத்தெடுக்க ஆளிருக்கும் நகரமோ ஒரு முழுநாள் பயணம். வேன் வருவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அந்த வாரம் பார்த்து நகராட்சி வண்டி சொல்லாமல் கொள்ளாமல் ஒன்பது தெருநாய்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அடைக்க இடமில்லை. அறுத்து மூன்றே நாளான ஏழு நாய்களின் தாளிலும் அவள் அறுவைத் தேதியை ஒரு வாரம் முன்னதாக மாற்றி எழுதி, நலமாக உள்ளது, பயணத்துக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டாள். இருபது வருட வேலையில் முதல் பொய். அதையும் ஏழு தடவை எழுத வேண்டியிருந்தது.

புதிதாக வந்த நாய்களை வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கூண்டுகளுக்கு மாற்றினார்கள், அவை படுக்க மறுத்தன. தங்கள் காலடியில் வேறொரு நாய் உறுமினால் எந்த நாய்தான் படுக்கும்? நின்றபடியே கண்ணயர்ந்தன. டாக்டரம்மாவுக்கும் அதே கதிதான். இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்ளாய்க் குத்தியது. ஒரு பூனைக்கு ஊசி போடுவதற்குள் நான்கு தடவை முன்வரிசைக்குப் போய்வந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தவளைப் பார்த்து, காலில் சக்கரம் கட்டிக்கொண்டாயா என்று கணவர் கேட்டார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி நடந்தாள்.

திங்கட்கிழமை மூன்றாம் கூண்டின் குரைப்பு மாறியது. அது கரிமூக்கியினுடையது, மூக்கும் வாயும் அடுப்புக்கரி பூசியதுபோல் இருக்கும் பெண் நாய். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் வரும் ஒரு மெல்லிய முனகல். அது வயிற்று வலி என்று டாக்டரம்மாவின் காது சொன்னது, அந்தக் காது பொய் சொன்னதில்லை. கரிமூக்கியைத் தத்தெடுத்தவள் தனியாக வாழும் ஒரு தையல்காரி. அவளுக்குப் போன் போட்டு, எதற்கும் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தையல்காரி சான்றிதழை எடுத்து வாசித்தே காட்டினாள். பத்து நாள் ஆகிவிட்டது, நலம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள். நாய் தங்கமாகப் படுத்திருக்கிறது, சத்தமே இல்லை என்றாள். டாக்டரம்மா உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள். அதற்காகத் தன்னை அன்று முழுதும் திட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை முனகல் தேய்ந்து, காதைக் கம்பியோடு ஒட்டி வைத்தால்தான் கேட்கும் என்றாகியது. அவள் கூண்டுக்கு முன்னால் நின்றபடியே மறுபடி போன் போட்டாள்.

"அம்மா, அந்தத் தாள்ல இருக்கிற தேதி பொய். அறுத்து மூணு நாள்தான் ஆகியிருந்தது. நான்தான் மாத்தி எழுதினேன். வயித்துல கை வச்சுப் பாருங்க."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. வசவு வரும் என்று டாக்டரம்மா காத்திருந்தாள். தையல்காரி கேட்டது ஒன்றுதான், உள்ளே எத்தனை அடுக்குத் தையல் என்று. மூன்று என்றாள் டாக்டரம்மா. போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வர இரண்டு நிமிடம் ஆனது.

"மேல் தையல் சுத்தமா இருக்கு. உள்ளதான் விட்டுப்போச்சு, கை வச்சதும் தெரியுது. ஆனா இது வாயே திறக்கலையே. அங்க இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதோட சத்தம் இங்கதான் இருக்கு."

"சரி. அப்ப கேட்டுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் நாயைத் தூக்கிக்கொண்டு அங்கிருந்த டாக்டரிடம் ஓடினாள்.

பதினொன்று இருபதுக்கு மூன்றாம் கூண்டு அடியோடு அடங்கியது. மயக்க ஊசியாலும் அப்படி அடங்கும், சாவாலும் அடங்கும். டாக்டரம்மா அன்றைய அறுவைகளைத் தள்ளிவைத்துவிட்டு, வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். வாளி அண்ணன் ஏற்கெனவே கழுவிய தரையை மூன்று முறை கழுவினார். இரண்டு பத்துக்கு, மயக்கம் தெளியும் நாயின் அந்தக் குழறலான ஊளை கூண்டிலிருந்து எழுந்தது. டாக்டரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நகரத்திலிருந்து போன் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அந்த வார வியாழக்கிழமை, அறுத்த கணக்குப்படி பத்தாம் நாள், மற்ற ஆறு குரைப்புகளும் கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் போயின. சைக்கிளில் வந்த தபால்காரர் ஒதுங்கி வழிவிட்டார். சனிக்கிழமைக்குள் அவை தத்தம் நாய்களிடம் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. டாக்டரம்மா நடந்ததை நிர்வாகத்துக்குத் தானே எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கையெழுத்துப் போடும் உரிமையை இழந்தாள். அதன்பிறகு எந்த வண்டி வந்து நின்றாலும் பத்து நாள் ஆகாத நாய் அங்கிருந்து நகர்ந்ததில்லை. கரிமூக்கியின் குரைப்பு மட்டும் போகவே இல்லை. மறுபடி அறுத்ததில் நாள் தவறிவிட்டது என்றார் வாளி அண்ணன். வருடாவருடம் வரும் ஆய்வாளர் மூன்றாம் கூண்டில் சற்று நேரம் காதுகொடுத்துவிட்டு, ஆள் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார்.

நான்காவது வருடம் தையல்காரி போன் செய்தாள். நலம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். "போன வருஷத்திலேருந்து தனியா கடை எடுத்திருக்கேன். நான் அங்க போனதும் இது என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. அழுவுதா?"

இந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய் சொல்ல டாக்டரம்மாவுக்கு மனம் வரவில்லை. "ஒன்பது மணியிலிருந்து அழும். நடுவுல நடுவுல தூங்கும். ஆறரைக்கு ஒரு குரைப்பு குரைக்கும் பாருங்க, இங்க இருக்கிற நாயெல்லாம் எழுந்து நின்னுடும்."

ஆறரைக்குத்தான் நான் வீட்டுப் பூட்டைத் திறப்பேன் என்றாள் தையல்காரி. அந்த வாரமே கடையைக் காலி செய்து, இரண்டு மெஷின்களையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி மறுபடி வீட்டு முன்னறையில் கொண்டுவந்து போட்டாள். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் கூண்டிலிருந்து நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது. வாளி அண்ணன் தட்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்.