தங்கச்சி வாசலில் சமோவாப் பாய்

எனக்கு ஓட்டைவாய். அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் மினக்கெடத் தேவையில்லை. எட்டு வருடம் காத்திருந்து என் தங்கை சிவானுஜா பிள்ளைத்தாய்ச்சி ஆனபோது எனக்கு மட்டும்தான் சொன்னாள். "மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, அக்கா." நான் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று நாலு பேருக்கு நடுவில் சொன்னேன். சந்தோஷம் தாங்கவில்லை, வேறென்ன. பின்னேரத்துக்குள், ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் எசன் நகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் கரு கலைந்துவிட்டது.

நாவூறு என்று சனம் சொன்னது. டொக்டர் அப்படியெல்லாம் இல்லை என்றார். சிவானுஜா என்னோடு கதைப்பதையே விட்டாள். துக்கம் விசாரித்த ஒவ்வொரு அழைப்பையும் அவள்தானே எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ட்ராம் தரிப்பிடத் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடம் நாங்கள் முகம் பார்க்கவில்லை.

இந்த வருடம், முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சினா என்ற சமோவாக்காரி, தம்பியின் கலியாணத்துக்கு என்னையும் பசிபிக் கடலில் இருக்கும் தன் தீவுக்குக் கூட்டிப்போனாள். மூன்று விமானம் மாறி, கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தேன். தேங்காய்ப்பாலும் ஈரப்பலாக்காயுமாகச் சாப்பாடு நன்றாகவே ஒத்துக்கொண்டது. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் விடிய, பக்கத்து வீட்டு முற்றத்தில் ஆறேழு பேர் நிலத்தில் இருந்தார்கள். தலைக்கு மேல் மெல்லிய தாழையோலைப் பாய். நிலத்தில் இருந்தவர்களின் பையன் காரால் இடித்து, அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காலை முறித்துவிட்டானாம்.

"இஃபோங்கா" என்றாள் சினா. மன்னிப்புக் கேட்கும் முறை. நோகடிக்கப்பட்டவர்கள் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் இருக்கவேண்டியதுதான். வெயில் ஏறிய பிறகு அந்தப் பிள்ளையின் தாய் வந்து பாயைத் தூக்கினாள். நான் விக்கி விக்கி அழுதேன்.

அப்படியொரு பாய் வேண்டும் என்று கேட்டபோது சினா சிரிக்கவில்லை. தாயிடம் கேட்டு, வீட்டுப் பாயொன்றையே தந்தாள்.

திரும்பிவந்த முதல் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, சிவானுஜாவின் வாசலில் பாயைப் போர்த்துக்கொண்டு இருந்தேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று முழங்கால் கேட்டது. எதிர்வீட்டு ஜெர்மன் மனுசி நாயோடு வெளியே வந்து, ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றாள். வேண்டாமென்று பாய்க்குள்ளேயே தலையை ஆட்டினேன். அது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. தங்கையின் வீட்டு மணியை அடித்துவிட்டாள்.

கதவைத் திறந்தது தங்கை புருஷன் பென்ஜமின். குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களோ? என்ன கோலம் இது, எழும்புங்கோ" என்று பாயில் கை வைத்தான்.

"நீர் தூக்கக்கூடாது, தம்பி. அவள்தான் தூக்கவேணும். சமோவாவில இப்பிடித்தான் மன்னிப்புக் கேக்கிறது."

பேசாமல் இருக்கவேண்டிய இடத்திலும் பேசிவிட்டேன், பாருங்கள்.

உள்ளே போய் அவன் சொல்வது கேட்டது. பிறகு சிவானுஜாவின் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் வந்து நின்றது. சந்தோஷத்தில் சொன்னேன், டொக்டரே இல்லையென்றார், நானும் அழுதேன் என்று நியாயமெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அரை மணித்தியாலம் இருக்கும். கால் விறைத்துவிட்டது. இனி வரமாட்டாள் என்று தோன்றியும் எழும்ப மனம் வரவில்லை. அப்போது கதவு திறந்தது. பாயின் ஒரு பக்கம் உயர்ந்து, திரும்பவும் இறங்கியது. சிவானுஜா உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"நான் அதுக்குப் பேர் வைச்சனான்" என்றாள். "பென்ஜமினுக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்ல இருந்தனான், அக்கா."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என் காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னாள். இரண்டு பேரும் அழுது முடிந்த பிறகு, அவளே பாயைத் தூக்கினாள்.

இரண்டு பேரும் பாய்க்குள் என்ன கதைத்தோம் என்று பென்ஜமின் கேட்டான். கால் விறைத்த கதை என்றேன். வீட்டில் தனியாக இருக்கும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லி, மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.